அடக்க விலையில் ஏறாத ஆறு

தோல் தொழிலில் அடக்க விலை போடுவது தனிக் கலை. பச்சைத் தோல் என்ன விலைக்கு வந்தது, உப்பும் சுண்ணாம்பும் குரோமும் எவ்வளவு பிடித்தன, ஆள் கூலி, கரண்ட் பில், லாரி வாடகை, ஏஜென்ட் கமிஷன், ஓட்டையும் கீறலும் போகக் கையில் நிற்பது எத்தனை சதுர அடி? வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ மூன்று தலைமுறையாக டேனரி நடத்தும் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால், காகிதமே இல்லாமல் இதையெல்லாம் சொல்லிவிடுவார். தோலை விரலால் தடவிப் பார்ப்பார். ஓரத்தை மடக்கிப் பார்ப்பார். அடிக்கு இவ்வளவுதான் கட்டும் என்பார். பெரும்பாலும் தப்பாது.

அந்த வீட்டுப் பேரன் இப்போது எம்.பி.ஏ. முடித்துவிட்டு வருகிறான். தாத்தா மனதில் போட்ட கணக்கை இவன் எக்செல்லில் போடுகிறான். தேய்மானம், வட்டி, டாலர் ஏற்ற இறக்கம் என்று பெரியவர் எழுதாத வரிகளெல்லாம் சேர்கின்றன. தாத்தாவின் மனக்கணக்கிலும் பேரனின் எக்செல்லிலும் ஒரு வரி மட்டும் காணோம். அது பாலாறு.

மேலாண்மைப் படிப்பைப் பற்றி எழுத வந்தவன் ஆற்றிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தலைமைப் பண்பு, வணிக அறம், தொழில்முனைவு என்ற மூன்று சொற்களும் இல்லாத எம்.பி.ஏ. கல்லூரிக் கையேடு இன்று தமிழ்நாட்டில் கிடையாது. வகுப்பறையில் இவற்றுக்கு உதாரணம் தேடி அமெரிக்காவுக்குப் போகிறோம். என்ரான் வருகிறது, லேமன் பிரதர்ஸ் வருகிறது. வேலூரில் படிக்கும் மாணவருக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணி நேரம் போனால் ஆம்பூர். கிழக்கே அரை மணியில் ராணிப்பேட்டை. அந்த மூன்று தாள்களுக்கும் வேண்டிய பாடம் முழுக்க இந்த வழியில் கிடக்கிறது.

பெருமைப்பட வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தென்னிந்தியத் தோல், 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1903-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்துக் காட்டினார். பட்டையில் வாரக்கணக்கில் நடந்த வேலை குரோமில் நாள்கணக்குக்குச் சுருங்கியது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. இந்த வட்டாரத்தின் வயிற்றில் அடித்த முடிவு என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள். அதையே படியாக்கி ஏறியது வேலூர் வட்டாரம். தோலாக விற்றவர்கள் ஷூவின் மேல்பாகமான அப்பராக விற்றார்கள், பிறகு முழு ஷூவாகவே விற்றார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கும் ஷூக்களில் ஆம்பூர்ப் பெண்களின் தையல் இருக்கிறது. சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும், அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மாவும் இந்தப் பயணத்துக்குத் தோள் கொடுத்தார்கள். தொழில்முனைவு என்றால் என்ன என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இந்தத் தொழிலில் சம்பாதித்தவர்கள் கொடுக்கவும் தெரிந்தவர்கள். மேல்விஷாரத்தில் பிறந்த சி.அப்துல் ஹக்கீம் (1863–1938) தோல் வியாபாரத்தில் ஈட்டியதைப் பள்ளிகளுக்கும் பொதுக் காரியங்களுக்கும் அள்ளிக் கொடுத்தார். சென்னை சென்ட்ரல் எதிரே இருக்கும் சித்திக் சராய் அவர் கட்டியது. அவர் பெயரில் 1965-இல் மேல்விஷாரத்தில் கல்லூரி எழுந்தது. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919-லேயே வந்துவிட்டது. ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி. பல்கலைக்கழகம் எங்கோ சென்னையில் இருந்த காலத்தில், இந்தச் சிற்றூர்களில் பட்டப்படிப்பு வந்ததற்குத் தோல் பணம்தான் வழிசெய்தது. டேனரி நடத்துபவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு, அந்தக் கல்லூரிகளில் படித்து முதல் பட்டதாரி ஆன குடும்பங்களும் எல்லாச் சாதி மதங்களிலும் உண்டு. இதை எவரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது.

அப்படியானால் குறை எங்கே?

கிணறு சொன்ன சாட்சி

ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே குறித்திருக்கிறது. செலவான தண்ணீரில் பெரும்பகுதி கழிவாக வெளியே வர வேண்டும். ஒரு டன் தோலுக்கு 35,000 லிட்டர். தெருவில் பார்க்கும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் மூன்றை வரிசையாக நிறுத்திப் பாருங்கள், அவ்வளவு. தோல் பதனிடும் டிரம் சுற்றும்போது அந்தத் தண்ணீரில் என்னென்ன கலக்கிறது? தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு கரைந்து வருகிறது. முடி நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்ஃபைடு வருகிறது. அடுத்த கட்டத்தில் அமிலம், அதற்கடுத்து குரோம், அதன்பின் சாயம். பல ஆண்டுகளுக்கு இந்தத் தண்ணீர் கால்வாய் வழியே பாலாற்று மணலுக்கும் பக்கத்து ஏரிக்கும் போனது. மேலே வறண்டு கிடந்தாலும் மணலுக்கடியில் நீரோட்டம் வைத்திருக்கும் ஆறு பாலாறு. ஊற்று தோண்டினால் கைக்கு நீர் எட்டும் ஆறு. அந்த அடிநீரில் உப்பும் குரோமும் ஏறின. ஆற்றங்கரைக் கிணறுகளில் நீர் நிறம் மாறியது. நெல்லும் வாழையும் கரும்பும் நின்ற வயலில் எதுவும் பிடிக்கவில்லை. டேனரிகள் இருக்கும் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணக்கெடுத்துச் சொன்னது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும், கெடுதல் வருமென்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு நிறுவியது. இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் நடத்தினாலும் 'வேலூர்' என்ற பெயரைச் சொல்லாமல் வகுப்பு நகராது. ஐந்து மாவட்ட டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது.

பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு நிர்ணயிக்க ஓர் ஆணையம் அமைந்தது. 2001 மார்ச்சில் அது கணக்கு முடித்தது. வேலூர் மாவட்டத்தில் 547 டேனரிகளிடமிருந்து வாங்கி 29,193 பேருக்குக் கொடுக்க வேண்டிய தொகை சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரையிலான காலத்துக்கு இது. கேட்கப் பெரிய தொகையாகத் தெரியும். வகுத்துப் பாருங்கள். தலைக்குச் சுமார் 9,200 ரூபாய். ஏழு ஆண்டுகளுக்கும் மேலான காலத்துக்குப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 1,250 ரூபாய். ஒரு குடும்பத்தின் கிணறும் நிலமும் போனதற்கு மாதம் நூறு ரூபாய்ச் சொச்சம்.

அதுவும் எல்லோர் கைக்கும் வந்து சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு மீண்டும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நிலுவை இழப்பீட்டை அரசு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. பாலாற்றை மீட்க ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. மனு போட்ட ஆண்டிலிருந்து எண்ணினால் 34 ஆண்டுகள். அன்று பிறந்த குழந்தை எம்.பி.ஏ. படித்து, வேலைக்குப் போய், மேலாளராகவும் ஆகியிருக்கும்.

கொடையும் கடனும்

இந்த ஊர்ப் பெரியவர்கள் கருணை இல்லாதவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கல்லூரி கட்டினார்கள், ஏழைப் பெண்களின் திருமணத்துக்குக் கொடுத்தார்கள், வெள்ளம் வந்தால் முதலில் அண்டா வைத்தவர்கள் அவர்கள். அந்தக் கை ஏன் கிணறு போனவனின் பக்கம் நீளவில்லை? என் மனதில் படுவது இதுதான். கொடையில் யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதைக் கொடுப்பவர் முடிவு செய்கிறார். கடனில் அந்தச் சுதந்திரம் கிடையாது. கடன் கொடுத்தவரைத் தேடிப் போய், அவர் சொல்லும் கணக்கைக் கேட்டு, தலைகுனிந்து அடைக்க வேண்டும். பாலாற்றங்கரை விவசாயிக்குக் கொடுக்க வேண்டியது கடன். அதை யாரும் கடனேட்டில் எழுதவே இல்லை.

இறந்தவரின் சொத்தைப் பங்கு வைக்குமுன் அவர் பட்ட கடனை அடைக்க வேண்டும் என்பது இந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த மார்க்கச் சட்டம். கடன் அடைந்தபின்தான் வாரிசுக்கு உரிமை. வணிக அறம் என்ற தாளுக்கு இதைவிடத் தெளிவான முதல் பாடம் எந்த ஊர்ப் புத்தகத்தில் இருக்கிறது?

2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது லாபம் எடுத்தபின் கொடுக்கும் கொடை. லாபத்தைக் கணக்கிடும் முன்பே கழித்திருக்க வேண்டிய தொகையைப் பற்றி அது பேசுவதில்லை. எம்.பி.ஏ. மாணவர்கள் சமூகப் பொறுப்பைப் பற்றி எழுதும் ப்ராஜெக்ட்டுகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். மரம் நட்டது, பள்ளிக்கு பெஞ்ச் கொடுத்தது எல்லாம் படத்தோடு இருக்கும். அந்த நிறுவனத்தின் கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்வி ஒன்றில்கூட இருந்ததில்லை.

இதே தொழில் எவ்வளவு வேகமாக மாற முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்த்துவந்த பென்டாகுளோரோஃபீனால் என்ற மருந்தை 1989-இல் ஜெர்மனி தடை செய்தது. 1994-இல் சில அசோ சாயங்களையும் தடை செய்தது. சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. உடனே மருந்து மாறியது, சாயம் மாறியது, பரிசோதனைக் கூடங்கள் வந்தன, சர்டிஃபிகேட் இல்லாமல் கன்டெய்னர் ஏறாது என்ற நிலை வந்தது. ஹாம்பர்க்கில் ஷூ போடுகிறவரின் காலுக்கு ஒவ்வாது என்றதும் சில ஆண்டுகளில் மாறிய தொழிலுக்கு, ஆம்பூரில் கிணற்று நீர் குடிக்கிறவருக்காக மாற நீதிமன்றமும் முப்பது ஆண்டும் தேவைப்பட்டன. தொழில்நுட்பம் இல்லை, பணம் இல்லை என்ற சமாதானங்கள் இந்த ஒப்பீட்டின் முன் நிற்கவில்லை. அறம் இங்கே வாங்குபவரின் நிபந்தனையாக வந்தபோது நடந்தது. பக்கத்து ஊர்க்காரரின் உரிமையாக வந்தபோது இழுபட்டது. தலைமைப் பண்பு நடத்தும் பேராசிரியர்கள் ஒரு வகுப்பு முழுவதையும் இந்த வேறுபாட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று. 1996 தீர்ப்புக்கு முன்னும் பின்னும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு என எல்லா மையங்களிலும் டேனரிகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தன. போட்டிக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பங்கு போட்டு, ஒருவர் கழிவுக்கு மற்றவரும் பொறுப்பேற்பது லேசான காரியமா? கழிவுநீரைச் சவ்வு வழியே வடித்து மீண்டும் டேனரிக்கே அனுப்பும் ஏற்பாடும் பின்னாளில் வந்தது.

ஆனால் 2015 ஜனவரி கடைசி இரவை மறக்க முடியவில்லை. ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் படுத்திருந்தவர்கள் மீது கசடு பாய்ந்து பத்துப் பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிப்பு நிலையம் இருந்தது, கம்பெனியாகப் பதிவாகியிருந்தது, டைரக்டர்கள் இருந்தார்கள். அந்தத் தொட்டியில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, அந்தச் சுவர் எவ்வளவு தாங்கும், சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குகிறார்கள் என்று தினமும் கேட்க வேண்டியது ஒருவரின் வேலை. தலைமை என்பதை நான் இந்த மூன்று கேள்விகளாகத்தான் புரிந்துகொள்கிறேன்.

ஒரு பாடம் பக்கத்திலேயே

அறத்தை வகுப்பில் கற்றுத்தர முடியுமா என்ற சந்தேகம் உலகம் முழுக்க இருக்கிறது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு, 2009-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவர்கள் மருத்துவர்களைப் போல ஓர் உறுதிமொழியை உருவாக்கி எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜனவரியில் நம் நாட்டில் சத்யம் கணக்கு மோசடி வெளியானது. அதன் தலைவர் அமெரிக்காவில் எம்.பி.ஏ. படித்தவர். இயக்குநர் குழுவில் பெரிய வணிகப் பள்ளிகளின் பேராசிரியர்களும் இருந்தார்கள். தாளில் தேறுவது வேறு, அறத்தில் நிற்பது வேறு என்பதற்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வேலூரில் அறத்தைக் கற்றுத்தர ஒரு வழி பழைய காலத்திலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, பிறகு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக (சி.எம்.சி.) வளர்ந்தது. அங்கே எம்.பி.பி.எஸ். சேரும் மாணவர்களை முதல் ஆண்டிலேயே ஒரு கிராமத்துக்கு அனுப்புகிறார்கள். சில வாரங்கள் அங்கேயே தங்கி, வீடு வீடாகப் போய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, என்ன சாப்பிடுகிறார்கள், நோய் வந்தால் யாரிடம் போகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். உடற்கூறியல் முழுதாகத் தெரியுமுன்பே நோயாளியின் வீடு தெரிந்துவிடுகிறது. படிப்பு முடிந்தபின் தங்களைப் பரிந்துரைத்து அனுப்பிய மருத்துவமனைகளில் இரண்டு ஆண்டு வேலை செய்யும் கடப்பாடும் உண்டு. இங்கிருந்து போன மருத்துவர்கள் நாட்டின் மூலை முடுக்கு ஆஸ்பத்திரிகளில் நிற்பதற்கு இந்தப் பழக்கம் பெரிய காரணம்.

இதே நகரில் 1984-இல் ஜி.விசுவநாதன் வேலூர் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். 2001-இல் அது வி.ஐ.டி. என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே வணிகப் பள்ளியும் இருக்கிறது, புதுத் தொழில் தொடங்குவோருக்கான காப்பகமும் இருக்கிறது. மாவட்டத்தின் மற்ற கல்லூரிகளிலும் எம்.பி.ஏ. நடக்கிறது. இந்தியா முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்து குவிகிறார்கள். சி.எம்.சி. செய்வதை இவர்களும் செய்தால் என்ன? முதல் செமஸ்டரிலேயே ஆம்பூர்ப் பக்கம் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் மூன்று வாரம் தங்கட்டும். ஒரு கிணற்றின் வரலாற்றை எழுதட்டும். எந்த ஆண்டு வரை குடித்தார்கள், எந்த ஆண்டு மாட்டுக்கு மட்டும் வைத்தார்கள், எந்த ஆண்டு மூடினார்கள், இப்போது குடம் தண்ணீர் என்ன விலை. பிறகு அதே மாணவர் அருகிலுள்ள டேனரியின் அடக்க விலைத் தாளை வாங்கி, அந்தக் குடத்தின் விலையை அதில் ஒரு வரியாக ஏற்றட்டும். வணிக அறத்துக்குத் தனித் தாள் வேண்டாம் என்பேன். காஸ்ட் அக்கவுண்டிங் தாளிலேயே அறம் இருக்கட்டும்.

இன்னொரு வீட்டுக்கும் அந்த மாணவர் போக வேண்டும். ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மதியம் திண்ணையில் உட்கார்ந்து ஷூ அப்பர் கையால் தைக்கும் பெண்களைப் பார்க்கலாம். கம்பெனி நேரடியாகக் கொடுப்பதில்லை. இடையில் ஓர் ஏஜென்ட் மூட்டை கொண்டுவந்து போடுவார், எண்ணி எடுத்துப் போவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தடித்த தோலில் ஊசி ஏற்றி இழுத்து இழுத்துச் சுட்டுவிரல் ஓரம் காய்த்திருக்கும். கண் மங்கினால் வேலை போகும். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, கம்பெனியின் சம்பளப் பட்டியலில் பெயரே இல்லை. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது இந்தத் தொழிலே ஆடிப்போனது. வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்லும்போது அந்தச் சுமை முதலாளி, ஏஜென்ட் என்று படிப்படியாக இறங்கி எங்கே போய் நிற்கும் என்பதை இந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். சப்ளை செயின் என்று வகுப்பில் படம் வரையும்போது கடைசிக் கட்டத்தில் இந்தப் பெண்ணின் பெயரை எழுதும் மாணவரைத்தான் நாளைய மேலாளராக நான் பார்க்க விரும்புகிறேன்.

புதுத் தொழில் தொடங்கத் துடிக்கும் இளைஞர்களுக்கும் இங்கே வேலை காத்திருக்கிறது. தண்ணீர் குறைத்துக் குரோம் ஏற்றும் முறையை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அதைச் சிறு டேனரிக்கும் கட்டுப்படியாகும்படி கொண்டுசேர்க்க ஆள் வேண்டும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாமல் மலையாகக் கிடக்கிறது. 2006-இல் ஓர் அமெரிக்க அமைப்பு உலகின் மிக மோசமாக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையைச் சேர்த்ததற்கு அதுவே காரணம். சாப்பாடு டெலிவரிக்கு இன்னொரு ஆப் எழுதும் மூளைகளில் பத்து இந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உப்புதான் கண்ணில் நிற்கிறது. கழிவுநீரைச் சவ்வில் வடித்தால் நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வரும், கடும் உப்புநீர் மறுபக்கம் தங்கும். அதைக் காய்ச்சி வற்றவைத்தால் பழுப்பும் சாம்பலுமாக உப்பு கிடைக்கும். பல ரசாயனம் கலந்த அந்த உப்பைச் சமையலுக்கும் எடுக்க முடியாது, தோலுக்கும் திரும்பப் போட முடியாது. மூட்டை கட்டிக் கொட்டகைகளில் அடுக்கியிருக்கிறார்கள். மூட்டை கூடிக்கொண்டே போகிறது, கொட்டகை நீண்டுகொண்டே போகிறது. அடிமூட்டை கசிந்து தரையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கொட்டகைக்கு வெளியே நூறு அடி தள்ளி, மழைக்கு ஏங்கும் பாலாற்று மணல்.